உப்புக்காற்று ஊரில் எந்தச் சவரக்கத்தி வாங்குவது?

மடக்குச் சவரக்கத்தி வாங்க நினைக்கிற பொடியன்கள் என் சலூனுக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி, "அண்ணை, காபன் உருக்கா ஸ்டெயின்லெஸ்ஸா, எது கூர்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "தம்பி, வீடு கடலுக்கு எவ்வளவு கிட்ட? தாடி வழித்த கையோடு கத்தியைத் துடைப்பீரா, அப்படியே போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவீரா?" திருகோணமலையில் இருப்பவருக்கு இந்த இரண்டுக்குமான பதில் கூரைவிட முக்கியம்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சலூனில் வாடிக்கையாளருக்கு நான் பிடிப்பது பிளேட் மாற்றுகிற கத்தி. ஆளுக்கு ஒரு புதுப் பிளேட், அதில் பேச்சுக்கு இடமில்லை. இங்கே சொல்வதெல்லாம் கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து, உங்கள் ஒரு முகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிற முழுக்கத்தியைப் பற்றி.

கூர் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். காபன் உருக்குக் கத்தியில் இரும்போடு ஏறக்குறைய 1 சதவீதம் காபன் இருக்கும், மற்றவை கொஞ்சம்தான். அதனால் கல்லுக்கு இணங்கிப்போகும். ஸ்டெயின்லெஸ் கத்தியில் பொதுவாக 13 சதவீதம் அளவில் குரோமியம். அது கல்லில் தேய அடம்பிடிக்கும், தீட்ட நேரம் எடுக்கும். ஆனால் ஏறிய கூர் கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கும். இரண்டையும் ஒழுங்காகத் தீட்டிக் கன்னத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். உருக்கை எப்படிச் சூடாக்கி, எப்படிக் குளிர்வித்துக் கடினமாக்கினார்கள் என்பதுதான் நல்ல கத்தியையும் மட்டமான கத்தியையும் பிரிக்கிறது.

இனி கறள், அதாவது துரு. இங்கே டச்சுக்குடாப் பக்கம் போனாலும் கடல், பின்குடாப் பக்கம் போனாலும் கடல். காற்றில் வருகிற உப்பு எல்லாவற்றிலும் படியும். படிந்த உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாரியில், வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில், துவாயே காயாது. ஈரத்தோடு மடக்கி வைத்த காபன் கத்தியில் ஒரே இரவில் செம்புள்ளி வந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற புள்ளியைவிடத் தெரியாத கறள்தான் எனக்குக் கவலை. கத்தியின் வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, அவ்வளவு மெல்லியது என்பதால் கறள் முதலில் தின்பது அதைத்தான். நேற்று வழுக்கிக்கொண்டு போன கத்தி இன்று மயிரைப் பிடித்து இழுத்தால், காரணம் பெரும்பாலும் இதுவே.

ஸ்டெயின்லெஸ் என்றால் கறளே பிடிக்காது என்று நம்பவும் வேண்டாம். குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே மெல்லிய காப்புப் படலம் போடுகிறது. உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை இடையிடையே உடைக்கும், உடைந்த இடத்தில் ஊசி குத்தியதுபோலக் குழி விழும். கத்தியும் பிடியும் சேரும் ஆணியடிதான் இதற்குப் பிடித்த இடம். அங்கே தங்கும் சவர்க்காரத் தண்ணீரை யாரும் கவனிப்பதில்லை.

ஆகவே எந்தக் கத்தியானாலும் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வீட்டுக் கிணறு உவர் என்றால் கடைசிக் கழுவல் குழாய்த் தண்ணீரில் இருக்கட்டும். முதுகிலிருந்து வாய்ப்பக்கமாகத் துடையுங்கள். வாயோடு நெடுகத் துடைத்தால் விரல் போகும். ஆணி இடுக்கில் டிஷ்யூவைத் திரித்து நுழைத்து ஈரத்தை எடுங்கள். அப்புறம் காய்ந்த தோல்வாரில் முதுகு முன்னே போகும்படி சில இழுப்பு. காபன் என்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுக்கும். படிகாரம் தடவிய ஈரக்கையால் கத்தியைத் தொடாதீர்கள். குளியலறையில் வைக்காதீர்கள், தோல் உறையிலும் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மருந்துப் போத்தலில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அலுமாரிக்குள் வைத்தால் போதும்.

இதெல்லாம் தினமும் செய்ய முடியும் என்றால் காபன் வாங்குங்கள். நான் என் முகத்துக்கு வைத்திருப்பதும் அதுதான். கல்லில் போட்டதும் சொன்னபடி கேட்கும், தீட்டப் பழகுகிறவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. உப்புவெளி, நிலாவெளி என்று கரையோரமாக இருப்பவர், விடியவே வேலைக்கு ஓடுகிறவர், அடிக்கடி பிரயாணம் போகிறவர் ஸ்டெயின்லெஸ் எடுப்பது நல்லது. கத்தி தீட்ட இன்னொருவரை நம்பியிருந்தாலும் அதே பதில்தான், அவரிடம் போக வேண்டிய தடவை குறையும். கன்னியாப் பக்கம் உள்ளே இருப்பவருக்குக் காபன் அவ்வளவு தொல்லை தராது.

வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்க்கிற வேலை வேண்டாம். வீட்டுச் சில்வர் பாத்திரம் பலவற்றில் காந்தம் ஒட்டாதுதான். கத்திக்கான ஸ்டெயின்லெஸ் கடினமாக்கிய வேறு வகை, அதில் ஒட்டும். ஜெர்மனியின் சோலிங்கன் கத்தியானால் ஆணிப்பக்கத்துத் தண்டில் 'ரோஸ்ட்ஃப்ரை' அல்லது 'இனொக்ஸ்' என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்டெயின்லெஸ். வெளிநாட்டு மாமா கொண்டுவருகிற இங்கிலாந்தின் பழைய ஷெஃபீல்ட் கத்தி அநேகமாகக் காபன்தான். அதில் முதுகிலோ நடுவிலோ கறைகள் இருந்தால் பயப்பட வேண்டாம், மினுக்கிக்கொள்ளலாம். வாயை ஒட்டிக் குழி விழுந்திருந்தால் மட்டும் சும்மா தந்தாலும் வாங்காதீர்கள். எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் வாய் உதிர்ந்துகொண்டே இருக்கும்.