மலையகத்தில் ‘மரியாதை இல்லை’ என்று சொல்வதற்கு முன்

இலங்கையின் தேயிலை மலையகத்தில் ஹட்டன், பண்டாரவளை, பதுளைப் பக்கம் போகும் வெளிநாட்டுத் தமிழருக்கு அங்கே தமிழ் விளங்காமல் போவதில்லை. சொல் அதேதான், கனம்தான் வேறு. அதிலும் ஒருவர் நடந்துகொண்ட விதத்தைக் குறை சொல்லும் சொற்களில்தான் வம்பு அதிகம்.

வடக்குப் பேச்சோடு வளர்ந்தவர் முதலில் இடறுவது ‘பேசுதல்’ என்ற சொல்லில். யாழ்ப்பாணத்தில் ‘டிரைவர் எனக்குப் பேசிப்போட்டார்’ என்றால் திட்டினார் என்று பொருள். மலையகத் தேயிலைத் தோட்டத்தில் அதைச் சொன்னால் ‘என்ன பேசுனாரு?’ என்று சாதாரணமாகத் திருப்பிக் கேட்பார்கள். அங்கே பேசுவது பேசுவதுதான். திட்டுவதற்கு ‘ஏசுறது’, ‘வையிறது’ என்பார்கள். ‘டிரைவர் ஏசிட்டாரு’ என்றால் உடனே விளங்கும்.

அடுத்தது ‘தப்பா நடந்துக்கிட்டாரு’. ஆட்டோக்காரர் கூடுதலாகக் காசு கேட்டதற்கோ, விடுதிக்காரர் முகம் கொடுக்காததற்கோ இதைச் சொல்லவே வேண்டாம். பெண்ணிடம் அத்துமீறினார் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். பேச்சு ஊர் முழுக்கப் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது. ‘கூட காசு கேட்டாரு’, ‘மூஞ்சில அடிச்ச மாதிரி பதில் சொன்னாரு’ என்று நடந்ததையே சொன்னால் போதும்.

உண்மையிலேயே அத்துமீறல் நடந்தால் மழுப்பவும் கூடாது. நெரிசலான பஸ்ஸில் கை வைப்பதை இலங்கைப் பத்திரிகைகள் ‘அங்கசேட்டை’ என்று எழுதும். வெறும் ‘சேட்டை’ என்றால் சின்னப்பிள்ளைக் குறும்பு. ‘அந்தாளு சேட்டை பண்றாரு’ என்று ஒரு பெண் சொன்னாலோ கண்டக்டருக்கு விஷயம் புரிந்துவிடும். பொலிஸ் அவசர எண் 119, பெண்களுக்கான உதவி எண் 1938. எழுதிக் கொடுப்பதற்கு இலங்கையில் ‘முறைப்பாடு’ என்று பெயர். ‘புகார்’ தமிழகத்துச் சொல். முறைப்பாட்டில் ‘முறைகேடாக நடந்தார்’ என்று பொதுவாக எழுதினால் காசு விஷயமா, கை விஷயமா என்று தெரியாது. எங்கே தொட்டார், என்ன சொன்னார், எத்தனை மணி, எந்த பஸ் என்று எழுத வேண்டும்.

‘மரியாதை’ என்ற சொல்லையும் பார்த்துத்தான் கையாள வேண்டும். ‘கொஞ்சம் மரியாதை இல்லாம பேசிட்டாரு’ என்பது வருத்தம். ‘மரியாதை கெட்டவன்’ என்பது வசை. ‘மரியாதையா பேசுங்க’ என்று நேருக்கு நேர் சொல்வதோ சண்டைக்கு அழைப்பு. ‘மரியாதையா போயிரு’ என்றால் அடுத்து அடிதான். மரியாதையைக் கேட்டு வாங்கும் நோக்கத்தோடுதான் பலர் இதைச் சொல்கிறார்கள், கிடைப்பது நேர்மாறு. ‘அண்ணே, கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க’ என்றால் அதே வேலை நடக்கும்.

ஆளைப் பற்றிச் சொல்வதில் படிகள் உண்டு. ‘பழக்கவழக்கம் தெரியாத ஆளு’ லேசானது. தெரியாமல் செய்தார் என்ற சலுகை அதில் இருக்கிறது. ‘வாய்த்துடுக்கு’ இளசுகளுக்கு, அதில் பாதி ரசிப்பு. ‘வாய்க்கொழுப்பு’ என்றதும் ரசிப்பு போய்விடும். ‘திமிரு’, ‘தெனாவெட்டு’ எல்லாம் வேண்டுமென்றே செய்தார் என்ற குற்றச்சாட்டு. ‘சண்டித்தனம்’ என்றால் ஆள்பலம் காட்டி மிரட்டுவது; வாய்ச்சண்டைக்கு அதைச் சொன்னால் மிகை. ‘மானங்கெட்ட’, ‘வெக்கங்கெட்ட’ இரண்டையும் விருந்தாளி வாயால் சொல்லவே கூடாது. ‘வளர்ப்பு சரியில்ல’ என்பதும் அப்படித்தான். பிள்ளையைச் சொல்வதாக நினைத்துச் சொல்வீர்கள், அடி விழுவது தாய்க்கு. அந்தத் தாய் விடிகாலையில் மலை ஏறிக் கொழுந்து எடுத்துவிட்டு, மாலையில் அந்த வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தவராக இருப்பார்.

இனி, ஒருவரும் சொல்லக் கூடாதவை. ‘தோட்டக்காட்டான்’, ‘வடக்கத்தியான்’, ‘கள்ளத்தோணி’ (கள்ளமாகத் தோணியில் வந்தவர்). வெளிநாட்டு வீடுகளில் பழைய தலைமுறை இவற்றை ‘நாகரிகம் இல்லாதவன்’ என்ற பொருளில் இன்னமும் விளையாட்டாகச் சொல்வதுண்டு. பிள்ளைகள் பொருள் தெரியாமல் கொண்டுபோய் அங்கே கொட்டுவார்கள். பயணத்துக்கு முன்பே வீட்டில் சொல்லிவைப்பது நல்லது. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த இந்த மக்களில் பெரும்பாலோரை 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சச் சிக்கல் தீர 2003இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. அத்தனைக்கும் பிறகு காதில் விழும் ‘கள்ளத்தோணி’ பகிடியாக இருக்காது. ‘மலையகத் தமிழர்’ என்று சொல்லுங்கள். தோட்டத்து வரிசை வீடுகளை ‘லயம்’ என்று அவர்கள் சொல்லலாம். நீங்கள் ‘வீடு’ என்பதே அழகு.

விளிப்பதில் ஒன்று. வடக்கில் அன்பாக வரும் ‘நீர்’, ‘உமக்கு’ மலையகப் பேச்சில் இல்லை. தெரியாதவரிடம் சொன்னால் அதட்டல்போல் விழும். ‘நீங்க’, ‘அண்ணே’, ‘அக்கா’ போதும். சிங்களக் கடைக்காரரை ‘அய்யா’ என்றால் அவர் காதில் அது ‘அண்ணன்’, தவறே இல்லை. சிங்களச் சினேகிதர்கள் தங்களுக்குள் ‘நீ’ என்பதற்குச் சொல்லும் ‘உம்ப’வை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்து பிரயோகிக்காதீர்கள், அது ‘டேய்’க்குச் சமம்.

உங்களைப் பற்றி அவர்கள் சொல்வதும் காதில் விழும். ‘பவுசு காட்றாங்க’ என்றால் வெளிநாட்டுப் பெருமை அடிக்கிறீர்கள். ‘எளக்காரமா பாக்குறாங்க’ அதைவிடக் கடுமை. ‘சொல்லாம கொள்ளாம படம் புடிக்கிறாங்க’ என்பது கொழுந்து மலையில் அடிக்கடி கேட்பது. நிறுவைக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேருதான், பாதிச் சம்பளம். அதனால் எடுக்கிற நேரத்தில் நிறுத்திவைத்துப் பேசக் கூடாது. பாதையோரம் நின்று ‘அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?’ என்று கேளுங்கள். தலையை ஆட்டினால் எடுங்கள், கையை ஆட்டினால் கமராவைப் பையில் போடுங்கள்.