ஒரு பல்பும் இரண்டு கறுப்பு வேட்டியும்

எட்டாம் வகுப்பில் அடையாள அட்டைக்காக ஒரு ஸ்டுடியோவில் உட்கார வைத்தார்கள். முகத்தில் பவுடரை அப்பி, இரண்டு பக்கமும் குடை விளக்கு போட்டு எடுத்தார்கள். அதுவும் போதாதென்று கம்ப்யூட்டரில் இன்னும் வெளுப்பாக்கித் தந்தார்கள். அந்தப் படத்தில் இருப்பது நானில்லை. என் நிறத்தை என் நிறமாகவே காட்டும் படம் ஒன்று வேண்டும் என்று அப்போதே மனதில் விழுந்துவிட்டது. அதைப் பல வருடம் கழித்து மதுரையில் எங்கள் வாடகை வீட்டின் 10க்கு 12 அறையில், 9 வாட் எல்இடி பல்பு ஒன்றை வைத்து நானே எடுத்தேன். எடுத்த விதத்தைச் சொல்கிறேன்.

படத்தின் பெரும்பகுதி இருட்டாகவும், முகத்தில் வேண்டிய இடத்தில் மட்டும் ஒளியாகவும் இருப்பதை லோ-கீ என்பார்கள். இதில் முக்கால்வாசி வேலை வெளிச்சத்தைத் தடுப்பதுதான். நம் வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் வெள்ளை. இடப்பக்கம் பல்பு எரிந்தால் வலப்பக்கச் சுவர் அந்த ஒளியை வாங்கித் திருப்பி அனுப்பும். நிழல் விழ வேண்டிய கன்னம் சாம்பல் பூத்துப் போகும். முதல் நாள் நாற்பது படம் எடுத்தும் எனக்கு இதே கதைதான்.

அப்பா சபரிமலைக்கு மாலை போட்டபோது கட்டிய கறுப்பு வேட்டி இரண்டு பீரோவில் இருந்தன. கொடி கட்டி ஒன்றை முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். இன்னொன்றை நிழல் பக்கக் கன்னத்திலிருந்து ஒரு கை தூரத்தில், படத்துக்குள் வராதபடி தொங்கவிட்டேன். இந்த இரண்டாவது வேட்டி செய்த மாற்றத்தை நீங்களே பார்க்க வேண்டும். தாடை ஓரம் கத்தி போலத் தெளிந்துவிட்டது. பருத்தித் துணியாகவே இருக்கட்டும், பாலியஸ்டர் பளபளக்கும்.

அடுத்தது தூரம். விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். நான்கு மடங்கானால் 16இல் ஒரு பங்கு. அதனால் பல்பு முகத்துக்கு 2 அடியில், பின்சுவர் பல்புக்கு 8 அடியில் இருக்கும்படி அறையின் நடுவுக்கு வந்து உட்காருங்கள். பின்புறம் தானாக இருண்டுவிடும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் எந்த வேட்டியும் காப்பாற்றாது.

பல்பைச் சுற்றிக் கறுப்புச் சார்ட் அட்டையைக் குழாய் போல உருட்டி இன்சுலேஷன் டேப் ஒட்டினால் ஒளி பக்கவாட்டில் சிதறாது. எல்இடிக்கு மட்டும்தான் இது, அதிலும் பல்பைத் தொடாமல் காற்று போக இடம் விட்டு. குண்டு பல்பைச் சுற்றி அட்டை வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

பல்பை முகத்துக்கு நேராக வைக்காமல், ஒரு பக்கமாக 45 டிகிரி தள்ளி, கண்ணுக்குச் சற்று மேலே பிடியுங்கள். மூக்கின் நிழல் கன்ன நிழலோடு போய்ச் சேரும்போது, பல்புக்குத் தூரத்தில் இருக்கும் கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக ஒளி நிற்கும். தன் முகத்தையே வாழ்நாள் முழுக்க வரைந்த டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் (1606–1669) பெயரால்தான் இந்த ஒளியமைப்பை அழைக்கிறார்கள். கண்குழி கறுத்துப்போனால் பல்பைக் கொஞ்சம் இறக்குங்கள்.

சரி, கேமராவுக்கு வருவோம். ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு) 400, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 4, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/50 நொடி என்று தொடங்கி, கூட்டிக் குறைத்துப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில எல்இடிகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டை விழலாம். போனில் எடுத்தால் திரையில் முகம் வரும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறைத்துவிடுங்கள். உங்களை நீங்களே எடுக்கும்போது, உட்காரும் ஸ்டூலில் தலை உயரத்துக்கு ஒரு துடைப்பத்தை நிறுத்தி அதன்மேல் ஃபோகஸ் செய்து, ஸ்டூல் கால்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் 10 நொடி டைமர்.

பவுடர் வேண்டாம். கறுத்த தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. பவுடர் அதைத்தான் முதலில் கொல்லும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை நெற்றியிலும் கன்ன எலும்பிலும் தேய்த்து, துண்டால் ஒற்றி எடுங்கள். எலும்பின் மேட்டில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு ஓடும், அதிலேயே முகத்தின் முழு வடிவமும் வந்துவிடும். எடிட் செய்யும்போதும் நிழலைத் தூக்கி வெளிச்சமாக்காதீர்கள்.

என் படத்தைப் பார்த்த அம்மா, தன்னையும் எடுக்கச் சொன்னார். முதல் படத்தில் ஏதோ குறைந்தது. அம்மாவின் மூக்குத்தி வலப்பக்கம், பல்போ இடப்பக்கம். பல்பையும் வேட்டியையும் பக்கம் மாற்றினேன். கல்லில் ஒரு புள்ளி ஒளி நின்றது.