ஸ்டெம் செல் தானம்: உதட்டில் எறும்பு ஊர்ந்தால் உடனே சொல்லுங்கள்

அக்காவுக்காக ஸ்டெம் செல் (இரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) கொடுத்தபோது என்னைப் படுத்தியது, அந்தச் செல்களை இரத்தத்துக்குள் வரவழைக்கப் போடும் ஃபில்கிராஸ்டிம் ஊசியோ அதனால் வந்த எலும்பு வலியோ அல்ல, சிட்ரேட்தான். முதல்முறை கொடுக்கப்போகிறவர்களுக்காக அதை மட்டும் எழுதுகிறேன்.

உடம்பிலிருந்து இரத்தத்தை எடுத்து, ஸ்டெம் செல்லைப் பிரித்துக்கொண்டு, மீதியை உடம்புக்கே ஓர் இயந்திரம் திருப்பி அனுப்பும். அதற்குள் இரத்தம் உறையாமலிருக்கச் சிட்ரேட் கரைசலைக் கலப்பார்கள். உறைவதற்குக் கால்சியம் தேவை; சிட்ரேட் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். திரும்பிவரும் இரத்தத்தோடு சிட்ரேட்டும் உடம்புக்குள் நுழைந்து, அங்கே உள்ள கால்சியத்தையும் பிடிக்கும். கல்லீரல் அதைச் சிதைத்துவிடும் என்றாலும், 4 முதல் 6 மணி நேரம் விடாமல் வந்துகொண்டிருந்தால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம்.

படி 1. முன்கூட்டியே பேசுங்கள். உடல் எடை குறைவு, கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு, இதயத் துடிப்பில் சிக்கல், சாப்பிடும் மாத்திரைகள் என எதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 2. "கால்சியம் எப்படிக் கொடுப்பீர்கள், எப்போது தொடங்குவீர்கள்?" என்று கேளுங்கள். மாத்திரை லேசான கூச்சத்துக்கு உதவும். ஆனால் அது குடலில் ஏறி இரத்தத்துக்கு வர நேரமாகும். இவ்வளவு நீண்ட சேகரிப்புக்கு, தொடக்கத்திலிருந்தே நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. அளவை முடிவுசெய்வது மருத்துவர். அந்தச் சொட்டு, இரத்தம் உடம்புக்குத் திரும்பும் பக்கத்தில்தான் சேர வேண்டும். எடுக்கும் பக்கத்தில் சேர்ந்தால் சிட்ரேட்டின் வேலை கெட்டு, குழாயிலேயே இரத்தம் உறையக்கூடும்.

படி 3. நான் தவறவிட்ட இடம் இதுதான். இரண்டாம் மணி நேரத்தில் விரல் நுனிகள் மரத்தன. கையில் கொடுத்திருந்த பந்தை அழுத்தி அழுத்தித்தான் மரத்துவிட்டது என்று நினைத்தேன். உடம்பு லேசாக நடுங்கியது. அறையின் குளிர் என்று போர்வை கேட்டேன். பந்து இருந்தது ஒரு கையில். மரத்ததோ இரண்டு கையும். உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. அப்போதே புரிந்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டேன். கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் தானாக மடங்கிய பிறகுதான் வாய் திறந்தேன். செவிலியர் உடனே இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, மருத்துவரைக் கேட்டுக் கால்சியம் ஏற்றினார். சிறிது நேரத்தில் விரல்கள் இளகின.

ஆகவே உதட்டிலோ விரலிலோ கூச்சம் அல்லது மரத்துப்போதல், வாயில் உலோகச் சுவை, குமட்டல் இவற்றில் எது தலைகாட்டினாலும் அந்த நிமிடமே சொல்லுங்கள். தசை இழுப்பு, நெஞ்சு படபடப்பு வரை விடவே கூடாது. பயத்தில் வேகமாக மூச்சு வாங்காதீர்கள். அதுவும் இரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் கால்சியத்தைக் குறைக்கும். மெதுவாக விடுங்கள்.

பின்சேர்க்கை: "காலையில் பார்த்த கால்சியம் சரியாக இருந்ததே, எனக்கு ஏன் வந்தது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். காலைக் கணக்கு சிட்ரேட் ஏறுவதற்கு முந்தையது. ஏறிய பிறகு பார்த்தாலும், மொத்தக் கால்சியம் என்ற பரிசோதனை சிட்ரேட் பிடித்துவைத்ததையும் சேர்த்தே எண்ணும். பார்க்க வேண்டியது அயனிக் கால்சியம், அதாவது எதிலும் கட்டுப்படாமல் இருக்கும் கால்சியம்.

இன்னொருவர் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். கால்சியம் மாத்திரை அதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.