கண்ணு வறட்சிக்கு சொட்டு மருந்து மட்டும் போதாதுங்க, நாம பண்ற தப்புகள்

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், காலைல 9 மணிக்கு சிஸ்டம் முன்னாடி உக்காந்தா சாயங்காலம் எந்திரிக்கறப்ப கண்ணுல மண்ணு அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். 7 வருஷமா ட்ரை ஐ, அதாவது கண் வறட்சி இருக்கு. முதல் 3 வருஷம் தப்புத் தப்பா பண்ணிட்டு இருந்தேன், அந்தக் கஷ்டம் இன்னொருத்தருக்கு வேண்டாம்னுதான் எழுதறேன்.

கண்ணுல தண்ணி வந்தா அது வறட்சியே இல்லன்னு நினைக்கறது பெரிய தப்பு. எனக்கு வண்டில போறப்ப காத்து பட்டா தாரை தாரையா ஊத்தும், டாக்டர் வறட்சின்னு சொன்னதும் "இவ்ளோ தண்ணி வருதே சார்"னு கேட்டேன். கண்ணு காஞ்சு உறுத்துறதாலதான் அந்தத் தண்ணியே வருது, வெங்காயம் நறுக்கறப்ப வர்ற மாதிரி, அது கண்ணுல நிக்காது வழிஞ்சு போயிடும்னார்.

நிக்கணும்னா மேல எண்ணெ வேணும். இமை ஓரத்துல முடி வரிசைக்குக் கொஞ்சம் உள்ள சின்னச் சின்ன எண்ணெச் சுரப்பிங்க இருக்கு, மேல் இமைல 25லேர்ந்து 40 வரைக்கும், கீழ கொஞ்சம் கம்மி, மெய்போமியன் சுரப்பின்னு சொல்வாங்க. நாம இமைக்கறப்ப எல்லாம் அந்த எண்ணெ கண்ணீர் மேல மெல்லிசா படிஞ்சு ஆவியாகாம காக்குது. ட்ரை ஐ இருக்கற நிறைய பேருக்கு கோளாறு இங்கதான். டாக்டர் என் இமைய லேசா அமுக்கி மானிட்டர்ல காமிச்சார், எண்ணெயா வரவேண்டியது டூத்பேஸ்ட் மாதிரி வெள்ளையா நூல் நூலா வந்துச்சு. மார்கழில தேங்கா எண்ணெ பாட்டில்லயே உறைஞ்சு கெடக்குமே, அதே கதைதான், நாம பாட்டில வெயில்ல வெக்கற மாதிரி இமைக்கு ஒத்தடம் வெக்கணும்.

அந்த ஒத்தடத்தையும் நிறைய பேர் பேருக்குத்தான் வெக்கறாங்க. துணிய வெந்நில முக்கிப் பிழிஞ்சு வெச்சா ரெண்டு நிமிஷத்துல ஆறிடும், ஆறின துணிய 10 நிமிஷம் வெச்சு என்ன பிரயோஜனம்? 40 டிகிரி சூடு 5லேர்ந்து 10 நிமிஷம் நிக்கணும். நான் பக்கத்துல ஃபிளாஸ்க் வெச்சுக்கிட்டு ரெண்டு கர்ச்சீஃப மாத்தி மாத்தி வெக்கறேன், முதல்ல மணிக்கட்டுல வெச்சு சூடு பாத்துட்டுதான் கண்ணுக்கு. அப்புறம் சுத்தமான விரலால மேல் இமைய கீழ் நோக்கியும் கீழ் இமைய மேல் நோக்கியும் மெதுவா நீவணும், கண்ணு உருண்டைய அழுத்தவே கூடாது. நாலு நாள் பண்ணிட்டு சரியாகலன்னு விட்றாதீங்க, எனக்கு வித்தியாசம் தெரிய ஒன்றரை மாசம் ஆச்சு.

மெடிக்கல் ஷாப்ல "கண்ணு சிவந்திருக்கு, ஏதாவது குடுங்க"ன்னு கேட்டு வாங்கறது இருக்கே, அதுதான் எனக்கு ரொம்ப பயம். சிவப்ப போக்கற சொட்டு மருந்து ரத்தக்குழாய சுருக்கும், போடறத நிறுத்துனா முன்னவிட அதிகமா சிவக்கும். சில மருந்துல ஸ்டீராய்ட் கலந்திருக்கும், போட்ட உடனே சொகமா இருக்கும், ஆனா டாக்டர் பாக்காம மாசக்கணக்கா போட்டா கண் அழுத்தம் ஏறி கிளௌகோமா வரலாம், வலியே இல்லாம பார்வை போகும்ங்க.

கண்ணீருக்குப் பதிலா போடற சாதா ஆர்டிஃபிஷியல் டியர்ஸ் சொட்டு மருந்துலயும், கெடாம இருக்க சேக்கற ப்ரிசர்வேட்டிவ் இருக்கான்னு பாருங்க. ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல போடறவங்களுக்கு அந்த ப்ரிசர்வேட்டிவே கண்ண அரிக்கும், அது இல்லாததா டாக்டர்கிட்ட கேட்டு வாங்குங்க. ஒரு சொட்டு போதும், ரெண்டாவது சொட்டு கன்னத்துலதான் வழியும். நிறைய பாட்டில் தொறந்து ஒரு மாசம்தான், நான் தொறந்த தேதிய பேனால மேலயே எழுதி வெச்சிடுவேன்.

எங்கம்மா நந்தியாவட்டைப் பூவ கசக்கி விடச் சொல்வாங்க, பக்கத்து வீட்டு அக்கா தாய்ப்பால், தேன், ரோஸ் வாட்டர்னு சொல்வாங்க. எல்லாம் பாசத்துல சொல்றதுதான், ஆனா அதுல கிருமி இருந்தா காஞ்ச கண்ணுல சீக்கிரம் புண்ணாகும், தயவுசெஞ்சு வேண்டாம். மீன் எண்ணெ மாத்திரையும் எல்லாரும் சொல்றாங்க, 2018ல அமெரிக்கால 500 பேருக்கு மேல ஒரு வருஷம் குடுத்துப் பாத்ததுல ஆலிவ் எண்ணெ மாத்திரைய விட ஒண்ணும் அதிகமா கேக்கல.

ஸ்க்ரீன் பாக்கறப்ப நாம இமைக்கறதே பாதிக்கு மேல குறைஞ்சிடுது, இமைச்சாலும் அரைகுறையாத்தான் மூடுது, அரைகுறையா மூடுனா எண்ணெ வராது. மானிட்டர கண்ணு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ வைங்க, அப்பப்ப ரெண்டு இமையும் ஒட்டற மாதிரி முழுசா மூடித் தொறங்க. காலைல எந்திரிக்கறப்பவே எரிஞ்சா, தூங்கறப்ப கண்ணு லேசா தொறந்திருக்கான்னு வீட்ல யாரையாவது பாக்கச் சொல்லுங்க, ஃபேன் நேரா மூஞ்சில அடிக்கக் கூடாது.

டாக்டர் வீக்கத்தக் குறைக்கற சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து எழுதிக் குடுத்தா எரியுதுன்னு ரெண்டு வாரத்துல நிறுத்திடாதீங்க, அது வேலை செய்யவே மாசக்கணக்காகும், தாங்க முடியலன்னா அவர்கிட்டயே சொல்லுங்க. சளிக்கு செட்டிரிசின், பருவுக்கு ஐசோட்ரெடினாயின் சாப்ட்டா அதையும் சொல்லணும், அதுங்களும் கண்ண காய வெக்கும். வாயும் காஞ்சு மூட்டு வலியும் இருந்தா ஷோக்ரன் சிண்ட்ரோமுக்கு (உடம்போட எதிர்ப்பு சக்தியே கண்ணீர், எச்சில் சுரப்பிகள தாக்கற நோய்) டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க, தள்ளிப் போடாதீங்க.

நல்லா வலி எடுத்தாலோ, வெளிச்சம் பாக்க முடியாம கூசினாலோ, இமைச்சும் தெளியாத மங்கல் வந்தாலோ அன்னிக்கே கண் ஆஸ்பத்திரிக்கு போங்க, சொட்டு மருந்து போட்டு திங்கக்கிழமை வரைக்கும் பாக்கலாம்னு இருக்காதீங்க.