பழைய சோலார் பேனலை இறக்கி ஒப்படைக்கும் முறை

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் காற்றுக்கு, சரியாக முடுக்காத சோலார் பேனலைத் தட்டட்டியிலிருந்து பெயர்த்தெறியும் வலு உண்டு. பாளையங்கோட்டைக்கு அருகே ஒரு வீட்டின் புறவாசலில் அப்படி விழுந்த பேனல் ஒன்றைப் பார்த்தேன். கண்ணாடி முழுவதும் பொடிப்பொடியாக விரிசல் விட்டிருக்க, அலுமினியச் சட்டத்தை மட்டும் கடப்பாரையால் நெம்பியெடுத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருந்தார்கள்; மிச்சம் ஆட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தது.

முழுதாக இருக்கும் பேனலால் கெடுதல் இல்லை; உடைப்பதும் எரிப்பதும்தான் கெடுதல். வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் சிலிக்கான் பேனலின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெறும் கண்ணாடி. அஞ்ச வேண்டியது செல்களை இணைக்கும் பட்டைகளில் பூசிய சால்டரிங் ஈயம். அது சில கிராம்தான் என்றாலும், செல்களை மூடியுள்ள பிளாஸ்டிக் படலம் வெயிலிலும் ஈரத்திலும் சிதைந்து அசெட்டிக் அமிலத்தை வெளிவிடுவதால், உடைந்த பேனலுக்குள் மழைநீர் புகுந்தால் ஈயம் கரைந்து மண்ணில் இறங்க வழியுண்டு. சில மெல்லிய படலப் பேனல்களில் காட்மியம் டெலுரைடு என்னும் நச்சு உலோகச் சேர்மம் இருக்கும். பல பேனல்களின் பின்தாளில் ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக் இருப்பதால், அதைக் கொளுத்தினால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் நச்சுவாயு எழும்.

ஆகவே, இறக்குமுன் பின்பக்க ஒட்டுத்தாளில் உள்ள தயாரிப்பாளர் பெயர், வகை, வரிசை எண் ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். இன்வெர்ட்டரை நிறுத்தி, பேனலிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசோலேட்டரையும் அணைத்தபின் பேனலைத் தடித்த தார்ப்பாயால் மூடுங்கள். உடைந்த பேனலும் வெளிச்சம் பட்டால் மின்சாரம் தரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மின்னோட்டம் இருக்கும்போது கனெக்டரைப் பிடுங்கினால் எழும் டிசி தீப்பொறி எளிதில் அணையாது என்பதால், கழற்றும் வேலையை எலெக்ட்ரீஷியனிடமே விட வேண்டும். உடைந்ததைத் தொடுபவர் தடித்த கையுறை, செருப்புக்குப் பதிலாக ஷூ, முகக்கவசம் ஆகியவற்றை அணிய வேண்டும்; தலைச்சுமையாக இறக்கவே கூடாது.

கழற்றியதைக் கூரையுள்ள ஈரமற்ற இடத்தில் மரச்சட்டத்தின் மேல் நிமிர்த்தி வைத்து, வயர் முனைகளை இன்சுலேஷன் டேப்பால் சுற்றுங்கள். உதிர்ந்த சில்லுகளைத் தனிச் சாக்கில் கட்டுங்கள். வாய்க்காலிலோ குளத்தங்கரையிலோ கொட்டாதீர்கள்.

1-4-2023 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 சோலார் பேனலையும் உள்ளடக்கியவை. 2034-35 வரை சேரும் பேனல் கழிவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல்படி சேமித்து வைப்பது தயாரிப்பாளரின் கடமை. எனவே முதலில் பேனலைப் பொருத்தியவர் மூலம் தயாரிப்பாளரைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால், மத்திய வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரைத் தேடுங்கள் அல்லது திருநெல்வேலியில் உள்ள தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் விசாரியுங்கள். அலுமினியச் சட்டத்தைக் கழற்றாத முழுப் பேனலாகக் கொடுத்து, எழுத்து மூலம் ஒப்புகை பெற வேண்டும்.

பேட்டரி வைத்த வீடுகளில், என் கணிப்பில், பேனலைவிடப் பெரிய ஆபத்து லெட் ஆசிட் பேட்டரிதான். அதில் ஈயம் கிராமில் அல்ல, கிலோக் கணக்கில் இருக்கிறது. ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றி எடையைக் குறைக்காமல், சாய்க்காமல் நிமிர்த்தியே கொண்டுபோய், புதிய பேட்டரி வாங்கும் கடையில் எக்ஸ்சேஞ்சாகக் கொடுத்து, பழையதைப் பெற்றுக்கொண்டதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.