குரக்கன் புட்டா சிவப்பரிசியா: மீற்றர் காட்டின குழப்பம்

அம்மாக்கு சுகர், நிறையும் குறைக்கோணும், அதால குரக்கன் (கேழ்வரகு) புட்டா சிவப்பரிசிச் சோறா நல்லமெண்டு சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்தில விரல்ல குத்தி மீற்றரில சுகர் பாத்து எழுதிக்கொண்டு வந்தம், ஆனா ஒரே சாப்பாட்டுக்கு ஒருநாள் 160, மற்றநாள் 290. மீற்றரில ரத்தம் வைக்கிற ஸ்ரிப் பழசாக்குமெண்டு புதுப்பெட்டி வாங்கியாச்சு, புட்டில தேங்காய்ப்பூவும் குறைச்சாச்சு (பாவம், வெறும் புட்டு தொண்டையில இறங்குமே), ஒண்டும் சரிவரேல்ல. பிறகுதான் கவனிச்சன், கூடக் காட்டின நாளெல்லாம் அவ பேரப்பிள்ளையளுக்கு கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சீவிக் குடுத்த கையோடயே குத்தியிருக்கிறா. விரல்ல ஒட்டின பழச்சாறு ரத்தத்துளியோட சேர்ந்து ஏத்திக் காட்டுது, ஸ்பிரிட் பஞ்சால துடைச்சும் போகேல்ல. சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைச்சுக் குத்தினாப் பிறகுதான் கணக்கு ஒழுங்கா வந்திது. இப்ப பாத்தா குரக்கனுக்கும் அரிசிக்கும் அவவுக்குப் பெரிய வித்தியாசமில்ல, எதெண்டாலும் அளவைக் குறைச்சு முருங்கையிலை வறையும் பருப்பும் கூடப் போட்டாத்தான் சுகர் இறங்குது.