முக்கோணத்தை முதலில் காலால் வரையுங்கள்

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித்தரப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: முதல் சில வகுப்புகளில் கணினியைத் திறக்கவே வேண்டாம். தரையும் சாக்பீஸும் போதும்.

தரையில் கட்டங்கள் போடுங்கள். ஒரு பிள்ளை ரோபோ. இன்னொரு பிள்ளை தாளில் கட்டளை எழுதித் தரட்டும்: 'முன்னால் 2 கட்டம்', 'வலப்பக்கம் திரும்பு'. ரோபோ சொந்தமாக யோசிக்கக் கூடாது. இந்த விதியில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 'நேராகப் போ' என்று எழுதியிருந்தால், எத்தனை கட்டம் என்று தெரியாததால் ரோபோ நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தோழிக்கு உதவுவதாக நினைத்துத் தானே ஊகித்து நடந்துவிட்டால் பாடமே போயிற்று. நாம் மனதில் நினைத்தது கணினிக்குத் தெரியாது, எழுதியதுதான் தெரியும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. நின்றுபோன ரோபோவைப் பார்த்ததும் தாளைத் தாங்களே திருத்துவார்கள்.

பிறகு ஸ்கிராட்ச்: கட்டளைக் கட்டங்களைத் திரையில் ஒன்றோடொன்று பொருத்திப் பிள்ளைகள் நிரல் எழுதும் மென்பொருள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் உருவாகி 2007இல் வெளியானது. இலவசம், இணையம் இல்லாத கணினியிலும் நிறுவிக்கொள்ளலாம். இன்னும் சிறியவர்கள், 5 முதல் 7 வயதுக்காரர்கள் என்றால், கட்டளைகள் படங்களாகவே இருக்கும் ஸ்கிராட்ச் ஜூனியர் போதும். வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஸ்கிராட்சில் கோடு வரையும் பேனாக் கட்டளைகள் எடுத்ததும் கண்ணில் படாது. இடப்பக்கக் கீழ் மூலையில் இருக்கும் பொத்தானை அழுத்திச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் '1 நொடி காத்திரு' போட்டுவிடுங்கள். இல்லையென்றால் படம் நொடியில் முடிந்துவிடும், எந்தக் கட்டளை எதைச் செய்தது என்று யாருக்கும் தெரியாது.

சதுரம் எளிது: 100 நகர், 90 பாகை திரும்பு, 4 முறை. முக்கோணத்தில்தான் வகுப்பு சூடுபிடிக்கும். கோணம் படித்த பிள்ளை யோசிக்காமல் 60 போடும். சமபக்க முக்கோணத்தின் மூலை 60 பாகைதானே! ஓடவிட்டால் முக்கோணம் மூடாது. அறுகோணத்தில் பாதி வந்து நிற்கும்.

இந்த நேரத்தில் மவுஸைப் பிடுங்கி 120 என்று மாற்றிவிடக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து தொடாதீர்கள். பிள்ளையைத் தரைக்கு அழைத்துப் போங்கள். பெரிய முக்கோணம் வரைந்து அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். மூலைக்கு வந்ததும் நிறுத்தி, "திரும்பாமல் இப்படியே போனால் எங்கே போவாய்? அடுத்த கோட்டைப் பிடிக்க எவ்வளவு திரும்ப வேண்டும்?" என்று மட்டும் கேளுங்கள். மூலை உள்ளே இருக்கிறது, திரும்பல் வெளியே இருக்கிறது என்று அதன் காலே சொல்லிவிடும். சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்சைக் முதலானோர் 1967இல் பிள்ளைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற நிரல் மொழியில், கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும் ஓர் ஆமை பிற்பாடு வந்து சேர்ந்தது. தன்னையே அந்த ஆமையாக வைத்து நடந்து பார்ப்பதுதான் பேப்பர்ட் பிள்ளைகளுக்குக் காட்டிய வழி. இன்றுவரை இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை.

ஒரு கணினிக்கு இரண்டு பேர் உட்காரட்டும். ஒருவர் மவுஸ் பிடிக்க, மற்றவர் அடுத்த கட்டளையைச் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும், இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளையிடமே மவுஸ் தங்கிவிடும். கட்டளைகளை ஓடவிடும் பச்சைக் கொடியை அழுத்துவதற்கு முன்னால் என்ன வரும் என்று இருவரும் நோட்டில் வரைய வேண்டும். வரைந்தது ஒன்று, வந்தது வேறு என்றால் எந்தக் கோட்டில் பிரிந்தது என்று அவர்களே தேடட்டும்.

சதுரம், முக்கோணம் இரண்டையும் பலகையில் எழுதிக் கூட்டச் சொல்லுங்கள். நான்கு 90, மூன்று 120, இரண்டும் 360. முழுச் சுற்று சுற்றி, புறப்பட்ட திசைக்கே வந்துவிடுகிறோம். ஐங்கோணத்துக்கு 72 என்று அவர்களே சொல்வார்கள். அப்போது ஏழு பக்கம் கேளுங்கள். 360ஐ 7ஆல் வகுத்தால் மீதி வரும், முழு எண் கிடைக்காது. பச்சை நிறத்தில் இருக்கும் வகுத்தல் கட்டத்தைக் காட்டி, அதில் 360, 7 இரண்டையும் போட்டு, அப்படியே திரும்பல் கட்டளைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.